சந்தாதாரர் பட்டியலை யாரிடம் ஒப்படைப்பது?

இணையத்தில் சஞ்சிகையோ சந்தை நிலவரமோ எழுதி வெளியிடும் நம்மவர்களின் தொகை இப்போது கூடியிருக்கிறது. எழுதுவது ஒரு வேலை. எழுதியதை வாசகரிடம் கொண்டு சேர்ப்பது வேறொரு வேலை. வாசகர் ஒவ்வொரு நாளும் நம்மைத் தேடி வரமாட்டார் என்பதால்தான் 1999இல் ஆர்.எஸ்.எஸ். எனும் செய்தியோடை முறை ஆரம்பமானது. ஒரு தடவை சந்தாதாரராகப் பதிந்தால் போதும். புதிதாக எழுதப்படுபவை அவரது ஓடை வாசிப்பானுக்கோ மின்னஞ்சலுக்கோ தானாகவே போய்ச் சேரும். இந்தச் சந்தாக்களைப் பராமரித்து, கணக்கும் காட்டித் தரப் பல கம்பனிகள் இருக்கின்றன. எதைத் தெரிவு செய்வது?

பெரும்பாலானோர் முதலில் பார்ப்பது இலவசமா என்பதை; அடுத்தது பெரிய கம்பனியா என்பதை. இந்த இரண்டையும் மட்டும் பார்ப்பது போதாது என்பதற்கு பீட்பர்னரின் கதை நல்ல பாடம். 2004இல் சிக்காகோ நகரில் தொடங்கிய இந்தச் சேவையை 2007இல் கூகுள் வாங்கியது. வாங்கிய கையோடு, அதுவரை கட்டணம் அறவிட்ட வசதிகளையும் இலவசமாக்கியது. இதைவிடப் பத்திரமான இடம் வேறு ஏது என்று பலரும் நினைத்தார்கள். 2013 ஜூலை 1ஆம் திகதி, ஏராளமானோர் ஓடைகளை வாசித்து வந்த கூகுள் ரீடர் மூடப்பட்டது. 2021 ஜூலையில் பீட்பர்னரின் மின்னஞ்சல் சந்தா சேவையும் நிறுத்தப்பட்டது. கூகுள் நொடித்துப் போகவில்லை. அதற்கு இது பிரயோசனமில்லாத மூலையாகிவிட்டது, அவ்வளவுதான். வாடகை வாங்காத கட்டிடச் சொந்தக்காரர் கடையைக் காலி பண்ணச் சொன்னால் நாம் என்ன வழக்குப் பேசுவது?

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றுண்டு. மின்னஞ்சல் சந்தாதாரரின் முகவரி நம்மிடம் இருக்கும். அந்தப் பட்டியலைக் கோப்பாக இறக்கி வேறு இடத்துக்குக் கொண்டு போகலாம். பீட்பர்னரிலிருந்தும் அப்படிக் கொண்டு போக முடிந்தது. ஆனால் ஓடை மூலம் வாசிப்பவர் பெயரில்லாதவர். எத்தனை பேர் என்பது ஓரளவு தெரியும், யார் என்பது தெரியாது. அவர் வைத்திருப்பது ஓடையின் முகவரியை மட்டுமே. அந்த முகவரி கம்பனியின் பெயரில் இருந்தால், கம்பனி மூடும் நாளில் அவரை அழைத்துச் சொல்ல வழியே இல்லை. பீட்பர்னரில் நமது சொந்தத் தளப் பெயரிலேயே ஓடை முகவரியை அமைக்கும் வசதியும் இருந்தது. அதைப் பயன்படுத்தியவர் பின்னால் இருக்கும் சேவையை மாற்றினாலும் வாசகருக்கு வாசல் அதேதான். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, முகவரி யார் பெயரில் என்பதை.

இரண்டாவது, பட்டியல் வளர்ந்தால் என்ன விலை? மெயில்சிம்ப் நிறுவனம் ஒரு காலத்தில் 2,000 முகவரிகள் வரை இலவசமாக அனுமதித்தது; பின்னர் அதை 500 ஆகக் குறைத்தது. அதே நிறுவனத்துக்குச் சொந்தமான டைனிலெட்டர் 2024 பெப்ரவரியில் மூடப்பட்டது. சப்ஸ்டாக் இலவச வாசகருக்கு எதுவும் அறவிடாது. வாசகரிடம் நாம் சந்தாப் பணம் வாங்கினால் அதில் 10 சதவீதம் எடுத்துக் கொள்ளும். மாதக் கட்டணமென்றால் டொலரில் அட்டை மூலம் கட்ட வேண்டும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இத்தகைய சின்னச் சின்னக் கட்டணங்களும் எவ்வளவு பெரிதாயின என்பதைக் கட்டியவர்கள் அறிவார்கள்.

விலகும் வழியும் இலகுவாக இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000க்கு மேல் மின்னஞ்சல் அனுப்புவோர் ஒரே அழுத்தலில் விலக இடமளிக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024இல் விதித்தன. நம் தொகை அதில் நூறில் ஒரு பங்காக இருந்தாலும், ஒருவரது முகவரி நம்மிடம் அமானிதம். அவர் போதும் என்றால் விட்டுவிட வேண்டும்.

சேவையொன்றைத் தெரிவு செய்ததும் உடனே எல்லோரையும் அதில் சேர்த்துவிடாதீர்கள். வீட்டாரும் நண்பர்களுமாகப் பத்துப் பேரைப் பதிந்து, இரண்டு தடவை அனுப்பிப் பாருங்கள். பிறகு அந்தப் பட்டியலை இறக்கி எக்செலில் திறந்து, பத்து முகவரிகளும், அவர்கள் பதிந்த திகதியும், விலகியவர் யார் என்பதும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.