மோட்டார் வண்டியின் மோது தடைகள்: பேணலும் மாற்றலும்

கோலார், சிக்கபள்ளாபூர் வட்டாரங்களில் விளையும் தக்காளியையும் பிற காய்கறிகளையும் பெங்களூர் நகருக்குக் கொணர்வதில் சிறு சுமை வண்டிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1988-ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்டாமொபைல் போன்ற பழைய பிக்கப் வண்டிகளின் பின்புறத்தைத் தாங்குவன வில்பட்டைகளாகும். மழையால் குழி விழுந்த சாலையில் சுமையுடன் ஓடும்போது இப்பட்டைகள் எல்லை மீறி வளையாமல் காப்பது ஒரு சிறு ரப்பர்த் துண்டே. பணிமனைகளில் ‘பம்ப் ஸ்டாப்’ என வழங்கும் இதனைத் தமிழில் ‘மோது தடை’ எனலாம்.

அமைப்பும் பயனும்

அச்சுக்கு நேர்மேலே, வண்டிச் சட்டத்தின் அடிப்புறத்தில் மோது தடை பொருத்தப்பட்டிருக்கும். சாதாரண ஓட்டத்தில் இதற்கும் அச்சுக்கும் இடையே இடைவெளி உண்டு. சக்கரம் பெரும் மேட்டில் ஏறும்போது வில்பட்டை வளைந்து, அச்சு மேலெழுந்து, ரப்பரில் மோதுகிறது. ரப்பர் அமுங்கும் தூரத்தில் மோதலின் வேகம் தணிகிறது.

இதன் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு சக்கரத்தின் மேலுள்ள 400 கிலோகிராம் சுமை, நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் கீழிறங்குவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் 200 ஜூல். வில்லின் பங்கை நீக்கிப் பார்த்தால், இரும்பும் இரும்பும் மோதி 5 மில்லிமீட்டருக்குள் இயக்கம் நிற்பின், சராசரி விசை 40,000 நியூட்டன். அதாவது ஏறக்குறைய 4 டன் எடைக்குச் சமம். ரப்பர் 40 மில்லிமீட்டர் அமுங்கி நிறுத்துமாயின் அவ்விசை 5,000 நியூட்டனே; எட்டில் ஒரு பங்கு. தடையில்லாத வண்டியில் பட்டை முறிவதும், அச்சு வளைவதும், சட்டத்தில் விரிசல் காண்பதும் இக்காரணம் பற்றியே.

இந்திய சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட வழிகாட்டி, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்துக்கு ஏற்ற வேகத்தடை 17 மீட்டர் ஆரமும், 3.7 மீட்டர் அகலமும், 10 சென்டிமீட்டர் உயரமும் உடையதாக இருத்தல் வேண்டும் என்றது. இதனினும் குறுகலாகவும் செங்குத்தாகவும் அமைந்த மேடுகளில் மோது தடையின் வேலை மிகுகிறது.

கெடுவதன் காரணம்

1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றி உறுதிப்படுத்தும் முறையைக் கண்டறிந்தார். அவ்வாறு பதப்படுத்திய ரப்பரும் அழிவற்றதன்று. காற்றிலுள்ள ஓசோன், இழுபட்ட பரப்பில் விரிசலை உண்டாக்குகிறது. எந்திர எண்ணெயும் கிரீசும் இயற்கை ரப்பரை உப்பச் செய்து மென்மையாக்குகின்றன. ஆண்டுகள் செல்லச் செல்ல அது இறுகி, நெகிழ்வை இழக்கிறது.

சோதிக்கும் முறை

வண்டியைச் சுமையின்றிச் சமதளத்தில் நிறுத்தி, இருபுறத்து இடைவெளிகளையும் அளந்து ஒப்பிடுக. ஒருபுறம் குறைந்திருப்பின் அப்பக்கத்து வில்பட்டை தளர்ந்திருக்கக்கூடும். ரப்பரில் ஆழ்ந்த விரிசல், பிய்ந்த விளிம்பு, இரும்புத் தகட்டிலிருந்து பிரிதல் ஆகியவற்றைக் கவனிக்க. பின்னர், ரப்பர் மோதும் இடத்தில் சுண்ணாம்புக் குழம்பைப் பூசி, வழக்கமான சுமையுடன் ஓட்டிப் பார்க்க. எப்போதோ ஒருமுறை பதியும் தடம் இயல்பானது. நல்ல சாலையிலும் ஓயாது மோதுமாயின், அதிகச் சுமையோ தளர்ந்த பட்டையோ காரணமாகும். அந்நிலையில் ரப்பரை மட்டும் மாற்றுவது, நோயை விடுத்து அதன் குறியை மறைப்பதாகும்.

மாற்றும் முறை

1. கைபிரேக்கைப் போட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க. ஜாக்கியால் உயர்த்தியபின், சட்டத்தை உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் இருத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகலாகாது.

2. அச்சு தாழ்ந்து இடைவெளி பெருகியதும், துருப்பிடித்த நட்டுகளில் எண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றுக. எண்ணெய் புதிய ரப்பரின்மேல் படலாகாது.

3. தாங்கியின் துருவைத் தேய்த்து நீக்கி, விரிசல் உளதா எனப் பார்க்க.

4. அதே வண்டிக்குரிய, அதே உயரமுள்ள தடைகளை இருபுறமும் ஒருங்கே மாற்றுக. வாஷர் இட்டு, உற்பத்தியாளர் கையேடு கூறும் அளவுக்கு இறுக்குக. சில நாள் ஓடியபின் மீண்டும் இறுக்கத்தைச் சரிபார்க்க.

பெங்களூர் ஜே.சி. ரோட்டின் உதிரிப்பாகக் கடைகளில் வாங்குவோர் பழைய தடையைக் கையோடு கொண்டுசென்று ஒப்பிடுதல் நன்று. உயரம் மிகுந்தால் வில்லின் அசைவு குறைந்து வண்டி குலுங்கும். உயரம் குறைந்தால் டயர் மட்கார்டில் உரசுவதோடு ஷாக் அப்சார்பரும் அடிமட்டத்தில் இடித்துப் பழுதாகும். டயர்த் துண்டை வெட்டி வைப்பதும் தகாது. கூம்பு வடிவான ரப்பர் முதலில் மென்மையாகவும், அமுங்க அமுங்கக் கடினமாகவும் எதிர்க்கும் இயல்பு தட்டையான துண்டுக்கு இராது.

சிறு செலவில் முடியும் இப்பணியை மழைக்காலத்துக்கு முன்னரே செய்துகொள்வது, வண்டியோடு அதனை நம்பிப் பிழைப்போரின் வருவாயையும் காக்கும்.