இரண்டு கைகளாலும்

2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் தேதி, சனிக்கிழமை காலை. மருத்துவமனையில் இரவுப் பணியை முடித்துவிட்டு வீட்டிற்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் புளோக்கின் கீழே இருந்த காப்பிக் கடையில் தொலைக்காட்சியின் முன் கூட்டம் கூடியிருந்தது. ரியோ ஒலிம்பிக் போட்டியில் ஆண்களுக்கான 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணி நீச்சலின் இறுதிச் சுற்று தொடங்கவிருந்தது. ஜோசஃப் ஸ்கூலிங் 50.39 விநாடிகளில் சுவரைத் தொட்டார். சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் அது. மைக்கல் ஃபெல்ப்ஸ் உள்ளிட்ட மூவர் 51.14 விநாடிகளில் ஒரே நேரத்தில் வந்து வெள்ளியைப் பகிர்ந்துகொண்டனர். மேசை துடைத்துக்கொண்டிருந்த முதியவர் கையிலிருந்த துணியைத் தலைக்கு மேல் சுழற்றிக் குதித்தார்.

அப்போது எனக்கு நீந்தவே தெரியாது. ஆனாலும், அந்த உடல் நீரிலிருந்து எழுந்து, பாய்ந்து, மீண்டும் நீருக்குள் நழுவிய விதம் என் மனத்தில் பதிந்துவிட்டது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 38ஆம் வயதில், நான் நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். தவளை நீச்சலும் எதேச்சைப் பாணியும் மெல்ல மெல்லக் கைவந்தன. 43ஆம் வயதில், வண்ணத்துப்பூச்சி பாணியையும் கற்றுக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னேன்.

“உனக்கு இறக்கை முளைச்சிடுச்சா?” என்று அம்மா கேட்டார். அவருடைய கேலியில் பாதி கவலையும் இருந்தது. நான் தாதி. நாள் முழுவதும் நோயாளிகளைத் தூக்குவதும் திருப்புவதும் என் வேலை. வீட்டிற்கு வரும்போது என் தோள்கள் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

எங்கள் வட்டாரப் பொது நீச்சல் வளாகத்தில் 25 மீட்டர் பயிற்சிக் குளம் ஒன்று இருந்தது. பயிற்றுவிப்பாளருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். என்னை ‘அக்கா’ என்றே அழைப்பார். “முதலில் உங்களுக்குத் தெரிந்தபடி நீந்திக் காட்டுங்கள், அக்கா,” என்றார். நான் இரண்டு கைகளையும் ஒன்றாகத் தூக்கி வீசினேன். மூன்று முறை வீச முடிந்தது. நான்காவது முறை கைகள் நீரைவிட்டு வெளியே வரவேயில்லை. பக்கத்துத் தடத்தில் மெதுவாக நடந்துகொண்டிருந்த சீன மூதாட்டி, நான் மூழ்குகிறேன் என்று எண்ணிக் கையை நீட்டினார். அவருடைய கையைப் பற்றிக்கொண்டுதான் எழுந்து நின்றேன். நீர் என் இடுப்பளவுகூட இல்லை!

இந்தப் பாணி ஏன் இவ்வளவு களைப்பைத் தருகிறது? எதேச்சைப் பாணியில் ஒரு கை நீரை இழுக்கும்போது மறுகை முன்னே செல்லும். அதனால், உடல் ஏறத்தாழ ஒரே வேகத்தில் நகரும். வண்ணத்துப்பூச்சி பாணியில் இரண்டு கைகளும் ஒன்றாக இழுக்கின்றன. ஒன்றாகவே வெளியே வருகின்றன. கைகள் காற்றில் இருக்கும் அந்தக் கணத்தில் உடலை இழுத்துச் செல்ல எதுவும் இல்லை. வேகம் குறைகிறது. குறைந்த வேகத்தை ஒவ்வொரு வீச்சிலும் மீண்டும் கூட்ட வேண்டியிருக்கிறது. நெரிசலில் நின்று நின்று செல்லும் பேருந்து அதிக எரிபொருளைக் குடிப்பதைப் போன்றதுதான் இதுவும்.

இந்தப் பாணி பிறந்த கதையும் சுவையானது. 1930களில் இது தனிப் பாணியாக இல்லை. தவளை நீச்சலில் கைகள் இரண்டும் ஒன்றாக அசைய வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால், அவற்றை நீருக்கு மேலே கொண்டுவரக் கூடாது என்று விதி சொல்லவில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் அமெரிக்கரான ஹென்றி மையர்ஸ் ஒருவர். அதே காலத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் பயிற்றுவிப்பாளர் டேவிட் ஆர்ம்புரஸ்டரும் அவருடைய மாணவர் ஜாக் சீகும் கால்களைச் சேர்த்து மீன் வாலைப் போல் அடிக்கும் முறையை அந்தக் கைவீச்சுடன் இணைத்தனர். தவளை நீச்சல் போட்டிகளில் அந்தக் காலடிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் இரண்டு பாணிகளும் பிரிக்கப்பட்டன. 1956ஆம் ஆண்டு மெல்பர்ன் ஒலிம்பிக்கில்தான் வண்ணத்துப்பூச்சி பாணி முதன்முதலாகத் தனிப் போட்டியாக இடம்பெற்றது. பிரிந்த பிறகும் இரண்டிற்கும் பொதுவாக ஒரு விதி நிலைத்துவிட்டது. சுவரை இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒரு கையால் தொட்டால் போட்டியாளர் தகுதி இழப்பார்.

என் பயிற்சிக்கு வருகிறேன். இரண்டு மாதங்கள் வாரம் மூன்று நாள் போனேன். ஆறு வீச்சுகள்வரை முன்னேறினேன். வலிமை கூடினால் மற்றவை தாமாக வந்துவிடும் என்று நம்பினேன். மூன்றாம் மாதத்தில் ஒருநாள், ஒரு நோயாளியைப் படுக்கையில் திருப்பியபோது, வலது தோளில் சுருக்கென்று வலித்தது. மறுநாள் தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை.

எங்கள் மருத்துவமனையின் இயன்முறைச் சிகிச்சையாளர் என் கையைப் பல திசைகளில் அசைத்துப் பார்த்தார். கையை மேலே தூக்கும்போது, தோளின் மேலெலும்புக்கு அடியில் தசைநாண் உரசுவதாகச் சொன்னார். “ஆறு வாரங்களுக்குக் கைவீச்சு வேண்டாம். பிடிவாதம் பிடித்தால் வார்டு வேலையையும் விட வேண்டியிருக்கும்,” என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. நீச்சலுடையைத் துவைத்து, மடித்து, அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டேன்.

பயிற்றுவிப்பாளரிடம் சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அவர், “கைகளுக்கு ஓய்வு கொடுங்கள், அக்கா. உடம்பு இருக்கிறதே!” என்றார். கைகளைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு, நெஞ்சை நீருக்குள் அழுத்தி, விடுவித்து, மீண்டும் அழுத்தச் சொன்னார். அவ்வளவுதான். சிகிச்சையாளரும் அதற்குச் சம்மதித்தார்.

நீங்கள் இருக்கும் இடத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். எழுந்து நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் நீட்டுங்கள். நெஞ்சை முன்னே தள்ளுங்கள். இடுப்பு பின்னே போகும். நெஞ்சை உள்ளே இழுங்கள். இடுப்பு முன்னே வரும். நீருக்குள் படுத்த நிலையில் இதைச் செய்தால், அந்த அசைவு நெஞ்சில் தொடங்கி, இடுப்பு வழியாக இறங்கி, பாதங்களில் சாட்டையைப் போல் முடியும். டால்பின் நீந்துவதும் இப்படித்தான். நானோ அதுவரை முழங்காலை மடக்கி நீரை உதைத்துக்கொண்டிருந்தேன்!

நான்கு வாரங்கள் எதுவும் நிகழவில்லை. சிறுவர்கள் என்னைக் கடந்து போனார்கள்; சிலர் இரண்டு முறை கடந்து போனார்கள். ஐந்தாம் வாரம் ஒரு மாலையில், உதைக்காமலேயே முன்னே நழுவினேன். முதலில் யாரோ தள்ளிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஆறு வாரங்கள் முடிந்து, தோள் வலி தீர்ந்த பிறகு, சிகிச்சையாளர் ஒப்புதல் தந்தார். முதலில் ஒற்றைக் கையால் பயின்றேன்; பிறகு இரண்டு கைகளாலும். ஒரு கைவீச்சுக்கு இரண்டு காலடிகள்: கைகள் நீருக்குள் நுழையும்போது ஒன்று, இழுத்து முடிக்கும்போது மற்றொன்று. அந்த இரண்டாவது அடி, கைகள் வெளியே வருவதற்கு உதவுகிறது. முன்பு அதைத் தவறவிட்டதால்தான் கைகளைத் தோள்பலத்தால் வானத்தை நோக்கித் தூக்கியிருக்கிறேன். இப்போது அவற்றைத் தாழ்வாக, பக்கவாட்டில் சுழற்றினேன். மூச்சை இழுத்ததும், கைகள் விழுவதற்கு முன்பே முகத்தை நீருக்குள் தாழ்த்தினேன். தலை தாமதித்தால் இடுப்பு மூழ்கிவிடும். அடுத்த வீச்சு மலையேற்றம்தான்.

டிசம்பர் மாதம், மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, 25 மீட்டரையும் நிற்காமல் நீந்திப் பார்க்கச் சென்றேன். அம்மாவும் குடையுடன் வந்து கரையில் உட்கார்ந்துகொண்டார். பத்து வீச்சுகள்வரை எண்ணினேன். பிறகு எண்ணிக்கை மறந்துவிட்டது. ஓரிடத்தில் வாய்க்குள் தண்ணீர் புகுந்தது, விழுங்கிவிட்டுத் தொடர்ந்தேன். நீல ஓடுகள் முடிந்து சுவர் தெரிந்ததும் கையை நீட்டித் தொட்டேன்.

அம்மா கைதட்டினார். பயிற்றுவிப்பாளர் குனிந்து என்னைப் பார்த்தார்.

“நன்றாக வந்தீர்கள், அக்கா. ஆனால், ஒரு கைதான் தொட்டது.”

“இன்று மட்டும் விட்டுவிடக் கூடாதா, தம்பி?”

அவர் சிரித்தபடியே, தம் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார். “சொல்லத்தான் செய்வாங்க. மறுபடியும் போ!” என்று அம்மா குடையை ஆட்டினார். மூச்சு அடங்கும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, மூக்குக்கண்ணாடி போலிருந்த நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்து, சுவரைக் கால்களால் உந்தினேன்.