வேலைக்குச் சைக்கிளில் போவோம்

1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கேலியையும் தாண்டித்தான் ஓட்டினார்கள்.

வேலைக்குப் போக 15 நிமிஷம், வர 15 நிமிஷம். வாரம் 5 நாள் என்றால் 150 நிமிஷம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச உடற்பயிற்சி இதிலேயே கிடைத்துவிடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்க இது உதவும். பஸ்ஸுக்குக் காத்து நிற்கவும் வேண்டாம்.

"கர்ப்பப்பை இறங்கிடும்"னு சிலர் பயமுறுத்துவாங்க. சைக்கிள் ஓட்டுவதால் அப்படி இறங்காது. ஏற்கனவே அடியிறக்கம் இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஓட்டுங்கள்.

முழங்கால் வலித்தால் சீட் உயரத்தைப் பாருங்கள். பெடல் கீழே வரும்போது கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஓட்டத் தெரிந்த ஒவ்வொருவரும் குழுவில் இன்னொருவருக்குக் கற்றுத் தரலாமே!