குளத்துத் தோணிக்கு நங்கூரம் அமைக்கும் முறை

நெற்செய்கைக்கு நீர் தரும் குளங்கள் கமக்காரரின் வீட்டுக்கு மீனையும் தருகின்றன. 1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா மீன் குளங்களிற் பெருகியதன் பின்னர், குளத்து மீன்பிடி நன்கு வளர்ந்தது. வயல் வேலை குறைந்த நாட்களிற் சிறு தோணியிலேறித் தூண்டிலிடும் கமக்காரரும் உளர். தோணியை ஓரிடத்தில் நிறுத்துதற்கு நங்கூரம் இன்றியமையாதது. ஆயினும், பிழையாகக் கட்டப்பட்ட நங்கூரம் தோணியைக் கவிழ்த்து உயிருக்கே கேடு விளைவிக்கும்.

பக்கத்திற் கட்டலாகாமை

இருக்கைக்கு அருகில், தோணியின் பக்கத்திலே கயிற்றைக் கட்டுவது இலகுவாகத் தோன்றும். ஆனால் அவ்வாறு கட்டினால் தோணி காற்றுக்குக் குறுக்கே நிற்கும். அலை பக்கத்தில் மோத, கயிறு அதே பக்கத்தைக் கீழே இழுக்க, நீர் உட்புகுந்து தோணி கவிழும். ஆதலால் இழுவை எப்பொழுதும் தோணியின் முனையிலேயே இருத்தல் வேண்டும். மேலே மூடப்படாத தோணிக்கு அணியம் எனப்படும் முன்முனையே ஏற்றது.

ஓடுகயிறு அமைத்தல்

இருக்கையிலிருந்து எழுந்து முன்முனைக்குச் செல்வது ஆபத்தானது. இதனைத் தவிர்க்க ஓடுகயிறு உதவும். முன்முனையில் ஒன்றும் பின்முனையில் ஒன்றுமாக இரு சிறு கப்பிகளைப் பூட்டி, அவற்றினூடாக ஒரு கயிற்றைச் சுற்றுக்கயிறாக ஓடவிடல் வேண்டும். கயிற்றின் இரு நுனிகளையும் ஓர் உலோக வளையத்திற் கட்டுக. கயிறு தளராதிருக்கப் பழைய சைக்கிள் ரியூப்பின் துண்டொன்றை இடையிற் சேர்க்கலாம். ஒரு பக்கத்தில் மிதவைமரம் பூட்டிய தோணியாயின், ஓடுகயிற்றை மறுபக்கத்தில் அமைத்தல் வேண்டும்.

நங்கூரக் கயிற்றை அவ்வளையத்தினூடாகச் செலுத்தி, இருக்கையருகேயுள்ள கட்டையில் இலகுவில் அவிழும் முடிச்சாகக் கட்டுக. சுற்றுக்கயிற்றை இழுத்தால் வளையம் முன்முனைக்குச் செல்லும். இழுவையும் அங்கேயே அமையும். நங்கூரக் கயிற்றின் நுனியில் நீண்டு ஒடுங்கிய மிதவையொன்றைக் கட்டுதல் அவசியம். அம்மிதவை தடையின்றிப் புகுந்து செல்லும் அகலம் வளையத்துக்கு இருத்தல் வேண்டும்.

நங்கூரமும் கயிறும்

ஒருவர் செல்லும் இலேசான தோணிக்கு, நான்கு கொளுக்கிகளையுடைய 1½ கிலோகிராம் மடக்கு நங்கூரம் இளங்காற்றிற் போதுமானது. மென்சேற்றில் கொளுக்கி நன்கு பற்றாது. அங்கு அதனிலும் பாரமான இரும்பு தேவைப்படும். 6 மில்லிமீற்றர் நைலோன் கயிறு நீரில் அமிழ்வதாலும் சிறிது நீள்வதாலும் சிறந்தது.

கயிறு செங்குத்தாக நின்றால் நங்கூரம் மேலே கிளம்பிவிடும்; சாய்ந்து கிடந்தாலே அது நிலத்தைப் பற்றும். ஆகவே நீரின் ஆழத்தைப்போல் 5 மடங்கும், காற்றுள்ளபோது 7 மடங்கும் கயிறு விடுதல் வேண்டும். 10 அடி ஆழத்துக்கு முறையே 50 அடியும் 70 அடியும் ஆகும். மிகுதிக் கயிற்றைக் காலிற் சிக்காதவாறு கடகமொன்றில் இட்டு வைத்தல் நன்று.

அடிமரங்களிற் சிக்காதிருக்க

பல குளங்களின் அடியிற் பட்ட மரங்களின் கட்டைகள் உள்ளன. இவற்றிற் சிக்கும் நங்கூரத்தை மீட்க ஓர் எளிய வழி உண்டு. கயிற்றை நங்கூரத்தின் மேற்காதிற் கட்டாது, கொளுக்கிகள் சேரும் அடிப்பாகத்திற் கட்டுக. பின்னர் அக்கயிற்றைத் தண்டின் வழியே கொண்டுவந்து, மேற்காதுடன் மெல்லிய சாக்கு நூலாற் பிணைக்குக. பலமாக இழுக்கும்போது நூல் அறும். நங்கூரம் தலைகீழாகத் திரும்பி வெளிவரும்.

பயன்படுத்தும் முறை

1. தோணியின் முன்முனையைக் காற்றுக்கு எதிராகத் திருப்பி, நங்கூரத்தை எறியாது மெதுவாக இறக்குக.

2. வளையத்தை உடனே முன்முனைக்கு ஓட்டிய பின்னரே கயிற்றைக் கட்டுக.

3. கரையிலுள்ள இரு மரங்களை நேர்கோட்டில் வைத்துப் பார்த்து, தோணி நகராமையை உறுதிசெய்க.

4. நீர் பாயும் துருசுக்கும் வானுக்கும் அண்மையில் ஒருபோதும் நங்கூரமிடலாகாது.

5. சோளகக் காற்று வலுத்து அலைகளில் வெண்ணுரை தோன்றினால் கரை சேர்க.

6. உயிர்காப்பு அங்கி உடலிலும், உறையிட்ட கத்தி கைக்கெட்டும் இடத்திலும் இருத்தல் வேண்டும்.

நங்கூரம் கிளம்பாதவிடத்துப் பக்கமாகச் சாய்ந்து இழுப்பது பெருந்தவறு. முடிச்சை அவிழ்த்துக் கயிற்றை விட்டுவிட்டால் மிதவை இடத்தைக் காட்டும். காற்றுத் தணிந்த பின்னர் வந்து எடுத்துக்கொள்ளலாம். முடிச்சு அவிழாவிடின் கயிற்றை அறுத்துவிடத் தயங்கலாகாது. இழந்த நங்கூரத்தை மீண்டும் வாங்கலாம்; இழந்த உயிரை மீட்க இயலாது. புதிதாக அமைத்தோர், கரையோரத்தில் இடுப்பளவு நீரில் சில முறை பழகிய பின்னரே ஆழத்துக்குச் செல்லல் வேண்டும்.