டிரெக்டர் பெட்டியைக் கொழுவும் பாடம்

மலையிலிருந்து மடுவத்துக்கும் மடுவத்திலிருந்து ஸ்டோருக்கும் நாள் முழுக்க ஓடுகிற கொழுந்து டிரெக்டரை நாம் எல்லோரும் பார்த்துப் பழகியவர்கள். அதன் பின்னால் வருகிற டிரெயிலரை, நம் ஆட்கள் பேச்சில் சொன்னால் பெட்டியை, டிரெக்டரோடு பிடித்து வைத்திருப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். பலர் யோசிப்பார்கள். ஒரு சாண் நீளம், பெருவிரல் பருமன் உள்ள ஓர் இரும்பு முளைதான் அது. அதைப் பின் என்கிறோம். ஆயிரக்கணக்கான கிலோ பாரம் அந்த ஒரு முளையில் தொங்கிக்கொண்டு இறக்கத்தில் வருகிறது.

ஆகவே இம்முறை பாடம் டிரைவருக்கும் கிளீனருக்கும் மட்டும் அல்ல. கொழுந்துச் சாக்கு மேலே உட்கார்ந்து வீடு திரும்புகிற அக்காமாருக்கும், பிள்ளைகளை அதில் ஏற்றிவிடுகிற தாய்மாருக்கும் சேர்த்துத்தான். பெட்டி ஆள் ஏற்றுவதற்குச் செய்த வண்டி அல்ல. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏறுகிறோம், ராத்திரியில் காய்ச்சல்காரரை டவுனுக்குக் கொண்டு போக வேறு வாகனம் இல்லை என்றால் என்ன செய்வது? ஏறுகிறவர் எதைப் பார்த்து ஏற வேண்டும் என்பதையாவது தெரிந்து வைத்திருக்கலாம்.

டிரெக்டரின் பின்பக்கம், இரண்டு பெரிய சில்லுக்கும் நடுவில், தாழ்வாக ஒரு கனத்த இரும்புச் சட்டம் நீட்டிக்கொண்டு இருக்கும். டிரோபார் என்பது அதுதான். பெட்டியின் முன்பக்கத்துக் கையின் நுனியில் ஒரு வளையம் இருக்கும். வளையத்தின் ஓட்டையும் டிரோபார் ஓட்டையும் ஒன்றுக்கொன்று நேராக வந்ததும் மேலிருந்து பின்னைப் போட வேண்டும். கீழிருந்து போட்டால் குலுக்கலில் அது தானாகவே நழுவி விழும். மேலிருந்து போட்டாலும் போதாது. பின்னின் அடி நுனியில் ஒரு சிறு துளை உண்டு, அதில் கிளிப்போ கொட்டர் பின்னோ மாட்ட வேண்டும். பல இடங்களில் இந்தக் கிளிப் தொலைந்து, கம்பித் துண்டோ ஆணியோ சொருகி இருப்பதைக் காணலாம். குழிக்கு மேல் குழி விழுந்த தோட்டத்து ரோட்டில் அந்தக் கம்பி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

தேய்மானம்தான் பெரிய விஷயம். பின் ஒவ்வொரு நாளும் வளையத்தோடு உரசுகிறது. நடுவில் இடுப்பு ஒடுங்கின மாதிரி ஒரு தேய்மானம் வரும். பார்த்தால் சின்ன வித்தியாசம், "அது ஒண்ணும் ஆகாது தம்பி, இத்தன வருசமா ஓடுதுதானே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 மில்லிமீட்டர் பருமனுள்ள பின் 20 மில்லிமீட்டராகத் தேய்ந்தது என்று வையுங்கள். குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் வெட்டுப்படாமல் தாங்கும் பலம் பருமனின் இரட்டைப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வளையாமல் தாங்கும் பலம் மூன்று தடவை பெருக்கின கணக்கு. அதில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கண்ணுக்குக் கால் அங்குலம் கூட இல்லாத தேய்மானம், பலத்தில் பாதி.

பின் போய்விட்டால் கையில் கிடைத்ததைப் போடும் பழக்கமும் இருக்கிறது. கொங்கிரீட் கம்பியை வெட்டிப் போடுகிறார்கள், நீளமான போல்ட்டைப் போடுகிறார்கள். போல்ட்டில் மரை வெட்டிய இடமே வெடிப்புத் தொடங்கும் இடம். தேய்ந்த பின்னுக்கு மேலே வெல்டிங் போட்டுப் பருமனாக்குவதும் சரியான வேலை அல்ல. வெல்டிங் பாஸ் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், சூடு பட்ட இடத்தில் இரும்பின் தன்மை மாறிப்போகும், உடையும்போது முன்னறிவிப்பு இல்லாமல் உடையும். டிரெக்டருக்கென்று செய்த புதுப் பின்னை வாங்கிப் போடுவது ஒன்றுதான் வழி. டயர் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே இல்லை. இந்தச் செலவைத் தள்ளிப்போடும் நிர்வாகத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

பின் ஒருவேளை உடைந்தாலும் பெட்டியைப் பிடித்துக்கொள்ளச் சங்கிலி வேண்டும். டிரோபாரோடும் பெட்டியோடும் கொழுவும் இரண்டு சங்கிலிகளை, பெட்டியின் கைக்குக் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காகப் போட வேண்டும். அப்போது கை நழுவினாலும் தரையில் குத்தாமல் சங்கிலி மேலே விழும். திரும்பும்போது இறுகாத அளவுக்குத் தளர்வு இருக்கட்டும், தரையில் இழுபடும் அளவுக்கு வேண்டாம்.

கொழுவும் உயரம் பற்றி ஒரு வார்த்தை. மரம் இழுக்கும்போதும் புதைந்த லொறியை இழுக்கும்போதும் சிலர் சங்கிலியை டிரோபாரில் போடாமல், உயரத்தில் மேல்கை பொருத்தும் இடத்தில் கட்டுவார்கள். அப்படி இழுத்தால் பின்சில்லு இருந்த இடத்தில் நிற்க, டிரெக்டரின் மூக்கு மேலே கிளம்பும். ஒன்றரை செக்கனுக்குள் கூட அது மல்லாந்து டிரைவர் மேல் விழுந்துவிடும். அந்த நேரத்தில் கிளச்சை மிதிக்க எந்தக் காலாலும் முடியாது. பின் அச்சுக்குக் கீழே, தாழ்வாக உள்ள டிரோபாரில் மட்டுமே இழுக்க வேண்டும்.

கொழுவும்போது கிளீனர் எங்கே நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். "அண்ணே, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு வாங்க" என்று சொல்லிக்கொண்டே டிரெக்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் நிற்பார். கிளச்சில் கால் வழுக்கினால் அவர் நெஞ்சு நசுங்கும். பெட்டிச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் அல்லது கட்டை வைத்த பிறகு, கிளீனர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று சைகை காட்ட வேண்டும். டிரெக்டர் நின்று, ஹேண்ட் பிரேக் போட்டு, டிரைவர் "வா தம்பி" என்று சொன்ன பிறகே நடுவில் போய்ப் பின்னைப் போட வேண்டும். ஓடும்போது டிரோபார் மேல் நின்று வருவதும் கூடாது. அங்கிருந்து விழுகிறவர் பெட்டிச் சில்லுக்கு முன்னால்தான் விழுவார்.

ஏற்றும் விதத்துக்கு வருவோம். ஒற்றை அச்சுப் பெட்டியில் பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்பக்கமாக இருக்க வேண்டும். ஆட்களோ வழக்கமாக இறங்க லேசு என்று பின்பலகை ஓரமாக நெருக்கி உட்காருகிறார்கள். அப்போது பெட்டியின் கை மேல்நோக்கித் தூக்கும், டிரெக்டரின் பின்சில்லில் இருக்கும் அழுத்தம் குறையும். நம் தோட்டங்களில் ஓடும் பழைய டிரெக்டர்களில் பிரேக் இருப்பது பின்சில்லில் மட்டும். அந்தச் சில்லு நிலத்தை அழுத்திப் பிடிக்காவிட்டால் பிரேக் இருந்தும் பயன் இல்லை. தவிர்க்க முடியாமல் ஏறினால், நடுவுக்கும் முன்னுக்குமாகத் தரையில் உட்காருங்கள். பலகை மேல் கால் தொங்கப் போட வேண்டாம்.

இறக்கத்தில் என்ன நடக்கிறது? பெட்டி 1,000 கிலோ, கொழுந்து 1,500 கிலோ, மொத்தம் 2,500 கிலோ என்று வைப்போம். பத்து அடிக்கு ஒரு அடி இறங்கும் ரோட்டில் அந்தப் பெட்டி டிரெக்டரைப் பின்னாலிருந்து ஏறக்குறைய 250 கிலோ பலத்தோடு தள்ளும். 50 கிலோ மா மூட்டை ஐந்தின் பாரம், விடாமல். பெட்டியில் தனி பிரேக் இல்லாவிட்டால் டிரெக்டர் தனியாகத்தான் அதைத் தாங்க வேண்டும். ஆகவே எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும், அதுவும் இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிட வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்டரில் விடுகிறவர்கள் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். ரோட்டில் ஓடும்போது இடது, வலது பிரேக் பெடல் இரண்டையும் ஒன்றாகப் பூட்டி வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மிதித்தால் டிரெக்டர் ஒரு பக்கம் இழுக்கும், பெட்டி மறுபக்கம் தள்ளும், இரண்டும் பேனாக் கத்தி மாதிரி மடங்கிவிடும்.

இரண்டு சில்லு லேண்ட்மாஸ்டர் ஓட்டுகிற தம்பிமார் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழே இடதுக்கும் வலதுக்கும் இரண்டு லீவர் இருக்கும் அல்லவா? சம தரையில் இடது லீவரைப் பிடித்தால் இடது சில்லுக்கு எஞ்சின் வேகம் போகாது, வலது சில்லு தள்ளும், வண்டி இடது பக்கம் திரும்பும். செங்குத்து இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். அங்கே எஞ்சின் சில்லைத் தள்ளவில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது லீவரைப் பிடித்தால் இடது சில்லு விடுபட்டு வேகமாக உருளும், வலது சில்லு பின்தங்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். இடது பக்கம் மலைச்சுவர், வலது பக்கம் பள்ளம் என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இறக்கத்தில் லீவரைத் தொடாமல், சின்னக் கியரில், கைப்பிடியைத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். லேண்ட்மாஸ்டரைப் புதிதாகப் பிடிக்கிற பையனுக்கு இதை முதல் நாளே, பெட்டி இல்லாமல், சிறு சரிவில் ஓட்டிக் காட்டுங்கள்.

பின் தேய்ந்திருப்பதைக் கண்டால் கண்டக்டர் ஐயாவிடம் அன்றைக்கே சொல்லுங்கள். தனியாகச் சொல்லாமல் சாட்சிக்கு ஒருவரை வைத்துக்கொண்டு சொல்வது நல்லது. வேலை நேரத்தில் வேலையின் காரணமாக அடிபட்டவருக்கு, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்க வழி உண்டு. விபத்து நடந்த நாளும் இடமும் எழுத்தில் பதியப்பட்டிருந்தால் பின்னால் அலைச்சல் குறையும்.

பெட்டியைக் கழற்றும்போது முதலில் சில்லுக்குக் கட்டை வையுங்கள், பிறகு முன் தாங்கியை இறக்குங்கள், கடைசியில் பின்னை எடுங்கள். பாரம் பின்னால் இருந்தால், பின் கழன்ற அந்தக் கணமே பெட்டியின் கை மேலே எழும்பித் தாடையில் அடிக்கும். ஆகவே குனிந்து நிற்காமல் பக்கத்தில் நின்று எடுங்கள். லயத்துப் பக்கம் நிறுத்திய வெறும் பெட்டி பிள்ளைகளுக்கு ஊஞ்சல் மாதிரி. பின்பலகையில் நாலு பேர் ஏறினால் கை தூக்கும், இறங்கினால் விழும், கீழே ஒரு பிள்ளை நின்றிருக்கும். ராத்திரி நிறுத்தும்போது பெட்டியின் கையைச் சங்கிலியால் ஒரு மரத்தோடோ தூணோடோ இழுத்துக் கட்டிவிட்டு, பின்னையும் கிளிப்பையும் டிரைவர் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். காலையில் பிரட்டுக்குப் போகும்போது வெளிச்சத்தில் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுக் கொண்டு வரலாம்.