வான்கோழி: கேள்விப்பட்டதும் உண்மையும்

மயிலைப் பார்த்து ஆடக் கற்றது என்ற பழி வான்கோழிக்கு உண்டு. அது மெக்சிகோவில் மனிதரோடு பழகிய பறவை. மயிலே இல்லாத ஊர். இங்கே அது புதிதாக வந்தது: 1612இல் கோவா வழியாக வந்த ஒன்றைக் கண்டு வியந்து ஓவியம் வரையச் சொன்னார் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். அந்தப் பழியால் யாருக்கும் நஷ்டமில்லை. பெண்ணாடம் பக்கம் நாலு பறவை வளர்த்து கிறிஸ்துமஸுக்கு விற்க நினைப்பவரைக் கெடுக்கும் நம்பிக்கைகள் வேறு.

நம்பிக்கை: மேய விட்டால் போதும், தீவனச் செலவே இல்லை.
உண்மை: வளர்ந்த பறவைக்கு இது பாதி சரி. அதன் தீவனத்தில் பாதி வரை வேலிமசால், அகத்தி, முருங்கைக்கீரை என்று பசுந்தீவனமாகவே கொடுக்கலாம். குஞ்சின் கதை வேறு. அதற்கு 28 சதவீதம் புரதமுள்ள தீவனம் வேண்டும். அதை எதிரில் வைத்தாலும் கொத்தத் தெரியாமல் பட்டினியில் சாகும். அவித்த முட்டையை உதிர்த்து, பத்துக் குஞ்சுக்கு ஒரு முட்டை என்று தீவனத்தில் கலந்து, விரல் நுனியால் தட்டித் தட்டிக் காட்ட வேண்டும். தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டு நாலு போடுங்கள். மினுக்கைப் பார்த்துக் கொத்தும்போது அலகு நனையும், குடிக்கப் பழகும். முதல் பதினைந்து நாள் இப்படிக் கூடவே உட்கார ஆளில்லாத வீடு குஞ்சு வாங்க வேண்டாம்.

நம்பிக்கை: 21 நாளில் பொரிக்காதது கூமுட்டை.
உண்மை: வான்கோழி முட்டைக்கு 28 நாள். 22ஆம் நாள் தூக்கி எறிந்தால், எறிவது உயிருள்ள குஞ்சை.

நம்பிக்கை: நாட்டுக்கோழியோடு சேர்த்தே விடலாம்.
உண்மை: கூடவே கூடாது. கோழிக் குடலில் இருக்கும் சிறு புழுவின் முட்டைக்குள் ஒளிந்து, எச்சத்தோடு மண்ணில் விழுகிறது கருந்தலை நோய்க்கிருமி. கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வான்கோழி தாங்காது: இறக்கை தொங்கும், எச்சம் கந்தக மஞ்சளாகப் போகும், ஈரல் கெட்டுச் சாகும். பெயரை நம்பித் தலை கறுக்கக் காத்திருக்காதீர்கள். பல பறவைக்குக் கறுப்பதே இல்லை. அந்தப் புழுமுட்டை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும், மண்புழுவுக்குள்ளும் தங்கும். ஆகவே கோழியை விற்றுவிட்டு அதே கொல்லையில் வான்கோழி விடுவதும் தவறு. நாட்டுக்கோழியை அடைவைத்துப் பொரித்திருந்தால், குஞ்சை உடனே பிரித்துவிடுங்கள்.

நம்பிக்கை: தீபாவளி முடிந்து குஞ்சு இறக்கினாலும் டிசம்பருக்குத் தேறிவிடும்.
உண்மை: தேறாது. நல்ல எடைக்கு ஆறு மாதமாவது கொடுங்கள். அதோடு அக்டோபரில் நம் பக்கம் பருவமழை இறங்கிவிடும். ஈரத் தரையில் இளங்குஞ்சு பிழைப்பது கஷ்டம். நம் வெயிலுக்கு ஏற்றதென்று கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 ரகத்தை விசாரியுங்கள். ஜூனுக்குள் குஞ்சு வரட்டும். அதற்கு முன், கோழி மேயாத நிலம் ஒன்றை வேலி கட்டி ஒதுக்கி வையுங்கள்.