முதலில் லென்ஸ், பிறகு கேமரா

கேள்வி: ஐயா, பல வருடங்களாக ஒரு க்ராப் சென்சார் டிஎஸ்எல்ஆரும் 18–55 ஜூம் லென்ஸும் வைத்துப் படமெடுத்து வருகிறேன். எனக்கு ஆர்வம் மூன்று விஷயங்களில்: மீன்பிடித் துறைமுகம், சந்தை, தேர்த்திருவிழா என்று கூட்டத்துக்குள் நின்று எடுப்பது, வீட்டுப் பெரியவர்களின் முகங்கள், அடுத்த வருடம் நடக்கவிருக்கும் என் மகளின் நாட்டிய அரங்கேற்றம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் தன் லைக்கா எம்3 கேமராவை 50 மி.மீ. சும்மிக்ரான் லென்ஸோடு கொடுக்கத் தயாராக இருக்கிறார். கையில் வாங்கிப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. அதை வாங்கி, பிறகு 35, 90 என்று இரண்டு லென்ஸ்கள் சேர்த்துக்கொண்டால் எல்லாவற்றுக்கும் போதுமா? இல்லை, வேறு ரேஞ்ச்ஃபைண்டர் தேட வேண்டுமா? நான் கண்ணாடி அணிபவன். ஃபிலிமில் இதுவரை எடுத்ததில்லை.
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நீங்கள் சொன்ன மூன்றில் ஒன்றை எம்3 அருமையாகச் செய்யும், ஒன்றைத் தட்டுத் தடுமாறிச் செய்யும், இன்னொன்றுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். எது எது என்று தெரிந்துகொண்டு வாங்கினால் வருத்தம் வராது.

டிஎஸ்எல்ஆரில் நீங்கள் லென்ஸ் வழியாகவே பார்க்கிறீர்கள். லென்ஸை மாற்றினால் வியூஃபைண்டரில் தெரிவதும் மாறும். அதனால் பாடியை இன்று வாங்கி, லென்ஸ்களை நிதானமாகச் சேர்க்கலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்ப்பதற்குத் தனி ஜன்னல். எந்த லென்ஸைப் பொருத்தினாலும் அந்த ஜன்னலில் தெரியும் காட்சி அப்படியே இருக்கும். அதற்குள் ஒளிரும் ஃப்ரேம் கோடுகள்தான் மாறும். கோட்டுக்கு உள்ளே இருப்பது படத்தில் வரும். எந்தெந்த லென்ஸுக்குக் கோடு உண்டு என்பது தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. ஆகவே இங்கே வரிசை தலைகீழ்: எந்த லென்ஸில் உங்கள் படங்கள் பிறக்கின்றன என்று முதலில் தெரிய வேண்டும், பாடி அதற்குப் பின்னால் வரும்.

எம்3 வந்தது 1954-இல். அதன் ஜன்னல் காட்சியை 0.91 மடங்கில், அதாவது கிட்டத்தட்ட வெறும் கண்ணால் பார்ப்பது போலக் காட்டும். அவ்வளவு பெரிதாகக் காட்டுவதற்குக் கொடுத்த விலை, அகன்ற காட்சிக்கு அதில் இடம் இல்லாமல் போனது. உள்ளே இருப்பவை 50, 90, 135 என மூன்று கோடுகள் மட்டுமே. நீங்கள் நினைத்திருக்கும் 35 மி.மீ. லென்ஸ் அதில் பொருந்தும், ஃபோகஸும் சரியாக வரும். ஆனால் அதற்கான ஃப்ரேம் கிடையாது. சாதாரண 35-ஐப் பொருத்தினால் சம்பந்தமே இல்லாத 135 கோடு எழுந்து நிற்கும். இதற்காகவே லைக்கா ஒரு காலத்தில் முன்னால் ‘கண்ணாடி’ மாட்டிய 35 மி.மீ. லென்ஸ்களைச் செய்தது. அவை கனமானவை, வியூஃபைண்டரையும் கொஞ்சம் மங்கலாக்கும். இன்னொரு வழி, மேலே தனியாக ஒரு சின்ன ஃபைண்டரைச் செருகிக்கொள்வது. அப்போது ஒரு ஜன்னலில் ஃபோகஸ், இன்னொன்றில் ஃப்ரேம். கோயில் கோபுரத்துக்கு அது சரிப்படும். ஏலம் கூவும் மீன் வியாபாரிக்குச் சரிப்படாது.

35-க்குக் கோடு வேண்டுமென்றால் அதே குடும்பத்தில் எம்2 இருக்கிறது. எம்3-க்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. ஜன்னல் 0.72 மடங்கு, 35, 50, 90 கோடுகள் உண்டு. 1967-இல் வந்த எம்4 அவற்றோடு 135-ஐயும் சேர்த்தது. 1984-இன் எம்6, உள்ளேயே ஒளிமானியோடு 28 முதல் 135 வரை ஆறு கோடுகளைக் கொண்டது. எம்3-இல் ஒளிமானி இல்லை என்பதை ஃபிலிமுக்குப் புதியவரான நீங்கள் மறக்கக் கூடாது.

கூட்டத்துக்குள்

துறைமுகமும் சந்தையும் தேரும் 35 மி.மீ. லென்ஸின் இடம். காரணம், அங்கே யாரும் கண்ணை வைத்து ஃபோகஸ் செய்துகொண்டிருப்பதில்லை. லென்ஸை எஃப்/8-இல் வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால் ஏறத்தாழ 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை இருப்பவர்கள் எல்லோரும் தெளிவாக விழுவார்கள். கேமராவைக் கண்ணருகே கொண்டுபோய் அழுத்த வேண்டியதுதான். அதே எஃப்/8, அதே 3 மீட்டரில் 50 மி.மீ. தருவது 2.3-இலிருந்து 4.2 மீட்டர் வரைதான். ஒருவர் ஓரடி நகர்ந்தாலே கைநழுவும் இடைவெளி அது.

50-இல் தெருப்படம் எடுக்கவே முடியாதா என்று கேட்பீர்கள். ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸன் வாழ்நாளின் பெரும்பகுதி லைக்காவில் 50 மி.மீ. லென்ஸை வைத்துத்தான் எடுத்தார். அவர் தெருவின் ஒரு மூலையில் நின்று, சட்டகம் நிறையும்வரை காத்திருப்பவர். ஏலக்கூடத்தில் உங்களுக்குப் பின்வாங்க இரண்டடி இடம் கிடைக்காது. எந்த லென்ஸ் என்ற கேள்வியைக் கடைசியில் தீர்ப்பது நீங்கள் நிற்கிற தூரம்.

எஃப்/1.4 போன்ற விலையுயர்ந்த 35-ஐத் தேட வேண்டாம். நம் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப்/16, 1/500 என்பதே அளவு. எம் வகைப் பழைய பாடிகளின் அதிகபட்ச வேகம் 1/1000. அதில் வைத்தாலும் எஃப்/11-க்கு மேல் திறக்க முடியாது. பகலில் அந்தப் பெரிய அபெர்ச்சர் சும்மா உறங்கும். எஃப்/2.5, எஃப்/2.8 லென்ஸ் சிறிதாகவும் இருக்கும். ஜன்னலின் மூலையையும் மறைக்காது. வாய்க்ட்லேண்டர் கலர் ஸ்கோபார், ஸைஸ் பயோகான் வரிசையில் இத்தகைய 35-கள் உண்டு; லைக்கா எம் பாடிகளில் நேரடியாகப் பொருந்தும்.

பெரியவர்களின் முகம்

இங்கேதான் எம்3-க்கு நிகர் குறைவு. ரேஞ்ச்ஃபைண்டர் ஃபோகஸ் என்பது இரண்டு ஜன்னல்கள் காட்டும் இரண்டு பிம்பங்களை நடுவில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ப்பது. ஜன்னல்களுக்கு இடையிலுள்ள தூரம் கூடக் கூட, காட்சி பெரிதாகத் தெரியத் தெரிய, துல்லியம் கூடும். லைக்கா எம் பாடிகளில் அந்தத் தூரம் 69 மி.மீ. அளவு. அதை ஜன்னலின் மடங்கால் பெருக்கிப் பார்த்தால், பயன்படும் அளவு எம்3-இல் 60 மி.மீ.க்கு மேல், எம்2-இல் 50 மி.மீ.க்கு அருகில்.

இந்த வித்தியாசம் எங்கே வேலை செய்கிறது? சும்மிக்ரானை எஃப்/2-க்குத் திறந்து ஒன்றரை மீட்டரில் பாட்டியின் கண்ணைப் பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் பத்து சென்டிமீட்டர்தான். 90 மி.மீ. லென்ஸில் எஃப்/2, 2 மீட்டர் என்றால் ஆறு சென்டிமீட்டர். கண் தெளிவாக, காது மங்கலாக வரும் கணக்கு. எம்3-இன் ஜன்னலில் 90-க்கான கோடும் பெரிதாகத் தெரியும், 0.72 பாடிகளில் அது நடுவே ஒரு சின்னக் கட்டமாகச் சுருங்கிவிடும். ஆகவே 90 உங்களுக்கு முக்கியமென்றால் எம்3 சரியான கேமரா.

ஒரு வரம்பு: அந்தக் காலத்து சும்மிக்ரான்களில் பெரும்பாலானவை 1 மீட்டருக்கு அருகே வராது. விரல் மோதிரம், கைரேகை, தூங்கும் குழந்தையின் இமை போன்றவற்றுக்கு டிஎஸ்எல்ஆரே எடுங்கள்.

அரங்கேற்றம்

மேடைக்கு ரேஞ்ச்ஃபைண்டரைக் கொண்டுபோகாதீர்கள். மேடை விளக்கு நொடிக்கு நொடி மாறும். ஒளிமானி இல்லாத கேமரா, மாற்ற முடியாத ஐஎஸ்ஓ, 36 படம் முடிந்ததும் ஃபிலிம் மாற்றும் வேலை. 135 கோட்டுக்குள் உங்கள் மகள் சுண்டுவிரல் அளவுதான் தெரிவாள். கையிலிருக்கும் டிஎஸ்எல்ஆருக்கு 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். க்ராப் சென்சாரில் அது 130 மி.மீ. அளவுக்கு வேலை செய்யும். லைக்கா 90-ஐவிடப் பல மடங்கு மலிவு.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு அன்று வேறு வேலை இருக்கிறது. ஒப்பனை அறை, தலையில் நெற்றிச்சுட்டி வைக்கும் கை, சலங்கை கட்டும் நேரம், திரைக்குப் பின்னால் குருவின் முகம். டிஎஸ்எல்ஆரில் இருப்பதுபோல மேலே துள்ளும் கண்ணாடி இல்லாததால் ஷட்டர் சத்தம் மிகக் குறைவு. அழுத்தும் நொடியில் வியூஃபைண்டர் இருட்டாவதுமில்லை. ஒப்பனை விளக்கின் வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ 400-இல் எஃப்/2, 1/60 பெரும்பாலும் போதும்.

கண்ணாடி அணிபவருக்கு

கண்ணாடி போட்டால் கண் ஜன்னலிலிருந்து விலகி நிற்கும். ஓரத்துக் கோடுகள் மறையும். எம்3-இல் 50 கோட்டின் நான்கு மூலைகளும் ஒரே பார்வையில் தெரிகின்றனவா என்று உங்கள் கண்ணாடியோடு பாருங்கள். 0.72 பாடிகளில் 35 தெரியும், 28 தெரிவது கஷ்டம். கண்ணாடிக்காரர்களுக்கென்றே எம்6 டிடிஎல்-இல் 0.58 மடங்கு ஜன்னலும் வந்தது. எம்3-இன் பார்வைத்துளையைச் சுற்றி இருப்பது உலோக வளையம். கண்ணாடி வில்லையைக் கீறிவிடும். ரப்பர் வளையம் ஒன்று ஒட்டிக்கொள்வது அவசியம்.

லைக்கா தவிர

ஜப்பானின் கோசினா நிறுவனம் வாய்க்ட்லேண்டர் பெயரில் செய்த பெஸ்ஸா பாடிகள் இப்போது பழையதாக மட்டுமே கிடைக்கும். எல்லாவற்றிலும் ஒளிமானி உண்டு. ஆர்2ஏ-இல் 35, 50, 75, 90 கோடுகள். ஆர்3ஏ முழு 1 மடங்கு ஜன்னல். 40, 50, 75, 90. ஆர்4 வரிசை 21 வரை அகன்று போகும். ஜன்னல்களின் இடைவெளி 37 மி.மீ. மட்டுமே என்பதால் 90-ஐ எஃப்/2-இல் நம்ப முடியாது, 35-க்குத் தாராளம்.

ரேஞ்ச்ஃபைண்டரே உங்களுக்கு ஒத்துவருமா என்று குறைந்த செலவில் அறிய, லென்ஸ் கழற்ற முடியாத கேனனெட் க்யூஎல்17 ஜி-III அல்லது யாஷிகா எலக்ட்ரோ 35 போதும். முன்னதில் 40 மி.மீ., பின்னதில் 45 மி.மீ.; இரண்டும் எஃப்/1.7. இரண்டுமே இப்போது விற்பனையில் இல்லாத பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. மாற்று பேட்டரியும் அடாப்டரும் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள்.

முடிவு எப்படி எடுப்பது?

பழைய படங்களில் உங்களுக்கு உண்மையாகவே பிடித்த நூறைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் எந்த ஃபோகல் நீளத்தில் எடுத்தது என்று கணினியில் பாருங்கள். உங்கள் க்ராப் கேமராவில் 22–24 என்பது 35-க்குச் சமம். 31–33 என்பது 50. 55 என்பது 90-க்குப் பக்கம். பெரும்பாலானவை 22–24-இல் விழுந்தால் எம்3-ஐப் பெரியவரிடமே விட்டுவிட்டு எம்2, எம்6, ஆர்2ஏ மூன்றில் ஒன்றையும் ஒரே ஒரு 35-ஐயும் தேடுங்கள். 31-க்கு மேல் குவிந்தால் எம்3-ஐ வாங்குங்கள். 90-ஐ ஒரு வருடம் கழித்து யோசிக்கலாம். 35 வேண்டாம். எந்த வழியில் போனாலும் பணத்தின் பெரும்பங்கு லென்ஸுக்குப் போகட்டும்: 1954-இல் வந்த அதே எம் மவுன்ட் இன்றைய டிஜிட்டல் எம்11 வரை தொடர்கிறது.

எம்3 என்று முடிவானால், வாங்குமுன் இவற்றைப் பாருங்கள். துறைமுகத்தில் தூரத்தில் நிற்கும் கப்பலின் கொடிமரத்தை லென்ஸை இன்ஃபினிட்டியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பிம்பங்களும் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஒன்றாகச் சேர வேண்டும். நடுக்கட்டம் மங்கியிருந்தாலோ கறுத்திருந்தாலோ உள்ளே ப்ரிசத்தின் பசை விட்டிருக்கிறது. செலவு அதிகம், ஒதுங்கிவிடுங்கள். 1 நொடியிலிருந்து 1/15 வரை ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை ஓட்டி, சிக்காமல் சீராக ஓடுகிறதா என்று கேளுங்கள். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் பூஞ்சை சகஜம், சிலந்திவலை போலக் கிளை விட்டிருக்கும். வாங்கிய பின் தோல் உறைக்குள் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

ஷட்டர் திரை துணியாலானது. அதைக் காக்க முன்னால் டிஎஸ்எல்ஆரின் துள்ளும் கண்ணாடி கிடையாது. லென்ஸ் சூரியனைப் பார்க்கும்படி கேமராவைப் படகின் விளிம்பில் வைத்தால் திரையில் ஓட்டை விழும். மூடி போடுங்கள். மூடி போட்டதை வியூஃபைண்டர் காட்டாது என்பதால் எடுக்குமுன் கழற்றவும் நினைவு வேண்டும்.

கடைசியாக, பெரியவரிடம் ஒரு ஃபிலிம் ரோலுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். பத்துப் படம் 1 மீட்டரில் எஃப்/2 வைத்து, பத்து தூரத்துக் காட்சி, மீதி உங்கள் வழக்கப்படி சந்தையில். டெவலப் செய்து நெகட்டிவைப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.